சகலையின் முந்நூற்றுப் பன்னிரண்டு

பங்காளி மேல் பொறாமை வந்தால் வரப்புத் தகராறு, வாய்தா என்று ஏதாவது வடிகால் உண்டு. சகலை மேல் வந்தால் அதுவும் இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்து இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் நாலு வருடம் அப்படிச் சாப்பிட்டவன்.

சகலை பெயர் ஜெரோம். என் மனைவி ரெஜினாவின் அக்காவைக் கட்டியவர். பிரான்சில் கம்ப்யூட்டர் வேலை. நான் விழிதியூர்க்காரன், காரைக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். (இரண்டும் ஒரே தொழில்தான் என்று நான் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை.)

எங்கள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. எடைக்குப் போடுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். லீவில் வந்த ஜெரோம் அதில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டார். லினக்ஸ் பொட்டலம் பொட்டலமாக வரும், பேக்கேஜ் என்பார்கள். சாதாரணமாக ஆயிரத்தைத் தாண்டும்; குறைத்தால் கிழட்டுப் பெட்டியும் வேகமாக ஓடும். மாமனாருக்குத் தேவையானதை மட்டும் வைத்து, ஜெரோம் முந்நூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டார். எடைக்குப் போகவேண்டிய பெட்டி எழுந்து ஓடியது.

அதன்பிறகு மாமனார் கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களிடம் எல்லாம், “முன்னூத்திப் பன்னெண்டுதாங்க, பெரிய மாப்பிள்ளை செஞ்சது” என்பார். எது முந்நூற்றுப் பன்னிரண்டு என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் பாராட்டினார்கள். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

ஒருநாள் காலையில் மாமனார் கூப்பிட்டார். பென்ஷன் தொடர்ந்து வரவேண்டுமானால், தான் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு தடவை சான்று அனுப்ப வேண்டும். படிவத்தை இரண்டு விரலால் இரண்டு நாள் தட்டி பிரெஞ்சில் நிரப்பி வைத்திருந்தார். அதை அச்செடுத்து, மேரியில் (முனிசிபாலிட்டியை அவர் அப்படித்தான் சொல்வார்) முத்திரை வாங்கி அனுப்ப அன்றுதான் கடைசி நாள். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். பிரிண்டரை மாட்டிக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார். ஐந்து நிமிட வேலை.

அவர் குளிக்கப் போனார். நான் பிரிண்டரைத் தொடவில்லை. முந்நூற்றுக்குக் கீழே கொண்டுவந்தால் ஜெரோம் பேச்சு ஓயும் என்று தோன்றியது. பாஸ்வேர்டு திரை ஓரத்தில் ஒட்டிய சீட்டிலேயே இருந்தது. உதவிக் குறிப்புகளைத் தூக்கினேன். யாரும் படிக்காதவை. இன்னும் சிலதைத் தூக்கினேன். முந்நூற்றில் வந்து நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று போதும்.

மிச்சம் இருந்ததில் சில, இல்லாமல் முடியாது என்று செய்தவர்களே முத்திரை குத்தியவை. அதில் ஒன்று லாகின். அடித்த பேரைச் சரிபார்த்து ஆளை உள்ளே விடும் பேக்கேஜ். எங்கள் விழிதியூர் வீட்டில் படுக்கப்போகிற வரைக்கும் கதவைச் சாத்த மாட்டோம். ஒற்றை ஆள் புழங்கும் கம்ப்யூட்டருக்கு எதற்கு வாட்ச்மேன்? எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் பதறிப்போய், இது ஆபத்து, நிச்சயமாக வேண்டுமென்றால் ‘ஆமாம், நான் சொல்கிறபடி செய்’ என்று முழு வாக்கியமாக இங்கிலீஷில் டைப் அடி என்றது. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். (என் இங்கிலீஷ் அவ்வளவு சுத்தமாக இருந்தது அன்று ஒருநாள்தான்.)

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. வேகத்தைக் காட்டுவதற்காக அணைத்துப் போட்டேன். நொடியில் எழுந்து பேரைக் கேட்டது. குளித்துவிட்டு வந்த மாமனார் பேரை அடித்தார். அது மறுபடி பேரைக் கேட்டது. அடித்தார். மறுபடி கேட்டது. பேரைக் கேட்பது வேறொரு பேக்கேஜின் வேலை; கேட்டபின் உள்ளே விடத்தான் ஆள் இல்லை. கதவைக் கழற்றினால் வாசல் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். வாசல் இருந்த இடத்தில் சுவர் எழும்பியிருந்தது.

“என்னங்க மாப்பிள்ளை, நான் உசுரோட இருக்கேன்னு இதுவே நம்பமாட்டேங்குது?” என்றார்.

 அவருடைய இரண்டு நாள் உழைப்பு உள்ளே இருந்தது. மேரி மூட மூன்று மணி நேரம் இருந்தது. என்னோடு வந்திருந்த ரெஜினா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அத்தானுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

ஜெரோம் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. “கடைசியா எதை எடுத்தீங்க தம்பி?” என்று கேட்டார். மாமனார் காதுபட நான் சொல்லவேண்டி வந்தது. “லாகினா?” என்று ஜெரோம் ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, “பரவால்ல. மாமா, பீரோ கீழ் டிராயர்ல ஒரு பென்டிரைவ் இருக்கும். தம்பி பக்கத்துல இருக்காரேன்னு வச்சிட்டு வந்தேன்” என்றார்.

அதை மாட்டி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி, எடுத்த லாகினைத் திரும்பப் போட்டேன். படிவம் மேரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. மாமனார் உயிரோடு இருப்பது உறுதியானது. நான் இருப்பது பற்றித்தான் ரெஜினாவுக்கு அன்று முழுக்க எந்த அபிப்பிராயமும் இல்லை.

இப்போது நான் போய் பெல் அடித்தால், மாமனார் கிரில் கேட்டுக்குப் பின்னால் நின்று, “பேரு?” என்பார். சொன்னால், “பேரு?” என்பார். மூன்றாவது தடவைதான் தாழ்ப்பாள் திறக்கும். என் மகளும் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் ஜெரோம் வந்தார். அவர் பெட்டிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். “வாங்க மாப்பிள்ளை” என்று அவரை உள்ளே விட்டு, மாமனார் கேட்டைச் சாத்தினார்.

“பேரு?” என்றார்.