அளவுக்கு மீறிப் புகழப்பட்ட கேளையாடு

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில், மூன்று விலங்குகள் மெட்டல் இசைக்குழு நடத்தி வந்தன. காட்டெருமை டிரம்ஸ் அடித்தது. முள்ளம்பன்றி தன் முதுகு முள்ளையே பிடுங்கிக் கிட்டார் மீட்டியது. மான் இனத்துக் கேளையாடுதான் பாடகன்.

நாய் குரைப்பதுபோல் ஒரு குரல் கேளையாட்டுக்குப் பிறவியிலேயே உண்டு. அடித்தொண்டையில் உறுமும், அப்படியே மேலே ஏறி அலறும், அந்த அலறலிலும் சுருதி பிசகாது. என்ன பயன்? கச்சேரிக்கு வருவது இரண்டு ஆமைகள். அவையும் போன மாதக் கச்சேரிக்குக் கிளம்பியவை.

மற்ற எல்லோரும் மயிலின் ரசிகர்கள். மயில் தோகையை விரித்துத் தலையைச் சுழற்றும். கஷ்டமான வரி வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடும்.

"மச்சான், இந்தத் தடவையும் கூட்டம் வரலைன்னா மயிலைக் கூப்பிட்டுருவோம். தப்பா நினைக்காதே" என்றது காட்டெருமை.

அன்று கேளையாட்டுக்குப் புல் இறங்கவில்லை. முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடும் வாட்ஸப் குழுவில் தட்டிவிட்டது: "அந்தக் கேளையாட்டை எதுக்கு இப்படித் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க?"

"டேய், என்னை யாருடா தூக்கினா?" என்று பதறியது கேளையாடு.

"சும்மா இரு. கேட்டதே இல்லைன்னு ஒத்துக்கிற ரசிகன் இந்தக் காட்டுல கிடையாது."

அப்படியே ஆயிற்று. "ரொம்ப நாளா நான் சொல்ல நினைச்சது. வெறும் கத்தல்" என்றது கரடி. "முதல் ஆல்பத்துல இருந்த வெறி இப்ப இல்ல" என்று பெருமூச்சு விட்டது காட்டுப்பன்றி. கேளையாடு ஆல்பமே போட்டதில்லை. "உனக்கு என்னடா தெரியும், கேளையாடு தெய்வம்!" என்று குரங்கு பாய்ந்தது.

கச்சேரியன்று மேட்டில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் திட்ட வந்தவர்கள், மீதிப் பேர் திட்டுகிறவர்களைத் திட்ட வந்தவர்கள். கேளையாடு கண்ணை மூடிக்கொண்டு பாடியது. அதுவரை அப்படி அது பாடியதே இல்லை.

பாட்டு முடிந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றது கரடி, ஏமாந்துபோய். "இதுல சண்டை போட என்னய்யா இருக்கு?"

கூட்டம் கலைந்தது. வாட்ஸப்பில் மறுபடி மயில் பேச்சு.

காட்டெருமை நெடுநேரம் அசைபோட்டுவிட்டுச் சொன்னது: "மயில் வேண்டாம். நீதான் மச்சான் நம்ம பாடகன். ஆனா இனிமே பாடாதே."

அதன்பின் கச்சேரியை அறிவிப்பார்கள், கூட்டம் கூடும், பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்பார்கள். கேளையாட்டின் படம் போட்ட கறுப்புப் பனியன் இல்லாத குரங்கு இல்லை என்றாயிற்று. பிடித்த பாடகர் யார் என்றாலும் கேளையாடு, தகுதிக்கு மேல் கொண்டாடப்படுபவர் யார் என்றாலும் கேளையாடு.

ஒருநாள் அதற்குத் தாங்க முடியவில்லை. ஆற்றோரப் புதருக்குள் ஒளிந்துகொண்டு வாய்விட்டுப் பாடியது. தண்ணீர் குடிக்க வந்த முயல் காதைத் தூக்கிக் கடைசிவரை கேட்டது.

"பரவாயில்லப்பா" என்றது புதரைப் பார்த்து. "நல்லாத்தான் முயற்சி பண்றே. ஆனா நம்ம கேளையாடு மாதிரி வருமா?"

"வராதுங்க" என்றது கேளையாடு, பணிவாக.

நீதி: நல்ல குரல் வாய்த்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரிய பாடகராகிவிடலாம்.