‘வாங்க’ என்றால் வந்துவிடுவார்

‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்று யார் சொன்னாலும், அதை அப்படியே நம்பி, மனைவி மகளோடு போய் வாசலில் நிற்கக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, பெருமாட்டியில். எனக்குப் பக்கத்து வீடு.

மறையூரிலிருந்து வெல்லம் பிடித்து வந்து பாலக்காட்டுக் கடைகளுக்குப் போடுவார். அதனால் ஊருக்கே அவர் வெல்லக்காரர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்தி வாத்தியார். எல்லைக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்திருந்தால் இந்த வேலைக்கு ஆளே தேடியிருக்க மாட்டார்கள். மலையாள ராஜ்ஜியத்தில் பிறந்த புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களையும் என்னையும் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், ‘அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு’ என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே புதைத்துவிடுவோம். வெல்லக்காரர், ‘ஞாயித்துக்கிழமை சௌரியப்படுங்களா?’ என்று கேட்பார். எலப்புள்ளியில் ஒரு குமாஸ்தா பஸ்ஸில் இறங்கும் அவசரத்தில் அப்படி ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். அந்த ஞாயிறு காலை அவர் துண்டோடு கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது எதிரே வெல்லக்காரர், பட்டுப்புடவையில் மனைவி சரசக்கா, மகள் தனம். குமாஸ்தா வாயில் நுரையோடு பின்பக்கமாக வீட்டுக்குள் ஓடியவர், அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வெல்லக்காரர் அந்த அரைமணியில் கிணற்றின் ஆழம், ஊற்று எந்தப் பக்கம், கோடையில் எத்தனை மணி நேரம் இறைக்கும் என்பதையெல்லாம் அந்த வீட்டுப் பண்ணையாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சரசக்கா மட்டும் வெயிலில் நின்று முழித்தார்.

பாலக்காட்டு ஜவுளிக்கடை ராவுத்தர் கூப்பிட்டபோது இன்னும் மோசம். வெல்லக்காரர் சாப்பாட்டு வேளை பார்த்துப் போனார். போனது நோன்பு மாசம். வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. விருந்தாளிகளுக்கு மட்டும் சமைக்கச் சொல்லி ராவுத்தர் எழுந்தபோது வெல்லக்காரர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“நீங்க பட்டினி கெடக்க, நான் திங்கறதுங்களா? பொழுது எறங்கட்டும், சேந்தே குடிக்கலாமுங்க.”

சாயங்காலம் வரை தண்ணீர்கூடத் தொடாமல் இருந்து, நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பிறகு தனத்தின் பாவாடைத் துணிக்கு ராவுத்தர் லாபம் வைத்ததே இல்லை. ‘நாலு வாசல்ல தெகச்சு நின்னாலும் அஞ்சாவது வாசல்ல ஒரு சொந்தம் கெடைக்குதில்ல’ என்பார் வெல்லக்காரர். அந்த நாலு வாசலில் நிற்பவர் சரசக்கா என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை லீவில் இந்தப் பழக்கம் நேபாளம் வரை போனது.

மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் காவலுக்கு இருந்த பகதூர் என்ற கூர்க்கா ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போனார். வெல்ல லாரியில் அவரை ஏற்றிவந்து, பெருமாட்டி வீட்டில் ஒரு ராத்திரி தங்கவைத்து, ரயில் ஏற்றிவிட்டவர் வெல்லக்காரர். ரயில் நகரும்போது கூர்க்கா ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டு, தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, ‘நம்ம வீடு வா சேட்டு’ என்றாராம். வேறு யாராக இருந்தாலும் அதோடு வீட்டுக்குத் திரும்பி மோர் குடித்திருப்பார்கள். இவர் சில வருஷம் காசு சேர்த்து, ஒரு பழைய அம்பாசடர் கார் வாங்கினார்.

“வெளிநாடு வரைக்கும் ஒரு மனுசன் நம்மளக் கூப்புட்டிருக்கறான். போகாட்டி மருவாதியா இருக்குமுங்களா வாத்தியாரே? வழி நெடுக இந்திதானாமா. நீங்களும் வரோணும்.”

சரசக்கா அன்றுதான் வாயைத் திறந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“நானும் வாறனுங்க. வழியில உங்க சேக்காளிங்க எல்லாத்து ஊட்டுக்கும் வாறேன். ஆனா ஒருத்தராச்சும் ‘நீங்க ஆரு?’ன்னு கேட்டுட்டா, அங்கியே வண்டியத் திருப்போணும். அதுக்கப்புறம் ஆரு கூப்புட்டாலும் நீங்க ஒரு வாசப்படி மிதிக்கக் கூடாது. எனக்கு வாசல்ல நின்னு நின்னு மானம் போனது போதுமுங்க.”

யார் வீட்டுக்கும் போகாமல் வெல்லக்காரர் இருப்பதும், மீன் தண்ணீரைவிட்டு இருப்பதும் ஒன்றுதான். ஆனாலும், “செரி அம்மிணி” என்று ஒப்புக்கொண்டார்.

வடக்கே நேபாளம் போகவேண்டிய கார் முதல் நாள் தெற்கே மறையூருக்குப் போனது. கூர்க்காவுக்கு மறையூர் வெல்லம் கொண்டுபோக வேண்டாமா? காய்ச்சுகிற கொட்டகைக்கே போய்ச் சூடாக உருண்டை பிடிக்க வைத்தார். கொட்டகைக்காரர் கேட்டார்:

“எங்கண்ணே இம்புட்டு வெல்லம்?”

“நேப்பாளத்துக்கு.”

“அங்கிட்டு யாவாரம் நல்லாப் போகுதாண்ணே?”

“யாவாரமில்லப்பா, விருந்துக்கு!”

கொட்டகைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்.

காலேஜில் பிரீடிகிரி படித்துக்கொண்டிருந்த தனம் மடியில் மேப்பை விரித்து வழி சொன்னாள். வெல்லக்காரர் மேப்பைவிடக் கிணறுகளை நம்பினார். ஒரு கிணறு கண்ணில் பட்டால் வண்டி நிற்கும். ஆழத்தைக் கையாலேயே கேட்பார். தெலுங்கு, மராத்தி எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. கேட்டுவிட்டு வந்து, “பாவமுங்க, நம்மூரு மாரியேதான், தோண்டற எடத்துல பாறைக்கல்லு விழுந்துருச்சாமா” என்று வருத்தத்தோடு வண்டியை எடுப்பார். இந்தியா முழுவதும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அந்தக் கோடையில் மத்திய சர்க்காருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

ஆந்திராவில் முதல் சோதனை. ஒரு கடலைக்காய் வியாபாரி, எப்போதோ உடுமலைச் சந்தையில் சந்தித்தவர். கதவைத் திறந்து பேந்தப் பேந்தப் பார்த்தார். சரசக்கா ஒரு கையால் கார்க் கதவைத் திறந்து தயாராக நின்றார். வெல்லக்காரர் செருமினார். உருண்டை பிடிப்பதுபோல் கையை உருட்டிக் காட்டினார். சந்தையில் இரண்டு பேரும் ஒரு எருது முட்ட வந்து ஓடியதை, கொம்பு வைத்து ஆடியே காட்டினார். அவர் இரண்டாவது தடவை முட்டும்போதுதான் அந்த மனிதர், “பெல்லம்!” என்று அலறிக் கட்டிப்பிடித்தார். தெலுங்கில் பெல்லம் என்றால் வெல்லம் என்று நான் விளக்கினேன். அன்று எங்களுக்கு மூன்று தடவை சோறு போட்டார்கள்.

நாகபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாபி லாரி டிரைவர். கஞ்சிக்கோட்டில் அவருடைய லாரி அச்சு முறிந்து கிடந்தபோது இவர் கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர். டிரைவர் தூரத்திலேயே அடையாளம் கண்டு, வெல்லக்காரரைக் குழந்தைபோலத் தூக்கிவிட்டார். தூக்கியவர் இறக்காமலே வீட்டுக்குள் கொண்டுபோனார். சரசக்கா முகத்தில் அந்தப் பயணத்தின் முதல் சிரிப்பை அன்று பார்த்தேன். தனம் என் காதில், “அம்மா தோக்கோணும்னு அம்மாவே வேண்டிக்கறாங்க போல” என்றாள்.

எல்லையைத் தாண்டியதே தெரியவில்லை. ஒரு மூங்கில் கழியைத் தூக்கினார்கள், வெளிநாடு வந்துவிட்டது. மலைப்பாதையில் ஒரு நாள் ஏறி, கூர்க்கா சொன்ன ஊருக்குப் போய், கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, என் இந்தியில் கேட்டேன்: “பகதூர் வீடு எங்கே?”

கடைத்தெருவே சிரித்தது. ஆறு பேர் முன்னால் வந்தார்கள். ஆறு பேரும் பகதூர். நம் ஊர்ச் சந்தையில் போய் ‘கவுண்டர் வீடு எங்கே?’ என்று கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. மதராஸ் பக்கம் வேலைபார்த்தவர் என்று சொன்னதும், மேலே ஒரு வீட்டைக் கைகாட்டினார்கள்.

படியேறிப் போனோம். மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். வெல்லக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “பகதூரு! வந்துட்டமப்பா!” என்றார். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி இந்தியில் கேட்டார். தெளிவான, இலக்கண சுத்தமான இந்தி.

“யார் இவர்கள்?”

வெல்லக்காரர் கை விரித்தபடியே நின்றது. சரசக்கா என்னைப் பார்த்தார்.

“என்னங்க சொல்றாரு?”

இத்தனை காலம் இந்தி படித்ததே இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானோ என்று தோன்றியது.

“இத்தன நாள் கழிச்சு வாறீங்களேன்னு கேக்கறாருங்க” என்றேன்.

சரசக்கா அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அப்புறம் புருஷனிடம் திரும்பி, “கேட்டீங்களா? எத்தன ஞாபகமா வெச்சிருக்காரு பாருங்க. வாங்க, உள்ள போலாம்” என்று தானே முதலில் படியைத் தாண்டினார்.

நான் அந்த மனிதரைத் தனியே பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். இவ்வளவு தூரம் வந்தவர்கள் யாராயிருந்தாலும் விருந்தாளிதானே என்றார். இரண்டு நாள் வைத்துக் கொண்டாடினார்கள். வெல்லத்தை அக்கம்பக்கமெல்லாம் பங்கு வைத்தார்கள். அந்த வீட்டம்மாள் சரசக்காவுக்குக் கம்பளிப் போர்வை போர்த்திவிட்டார். புறப்படும்போது வெல்லக்காரர் வழக்கப்படி, “ஒரு நாள் எங்கூட்டுக்கு வரோணும்” என்றார். மொழிபெயர்த்து, விலாசமும் எழுதிக் கொடுத்தேன்.

வழியில் ஒரு குழாயடியில் சரசக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“வாத்தியாரே, நம்மூட்டுல தங்குன கூர்க்கா என்னோட தோளு ஒசரந்தான். இவரு என்னைய விட ஒரு சாண் எச்சா. வளந்திருக்க மாட்டாரில்ல? எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஆரு ஊட்டுக்கும் போகாம அவரு நம்மூட்டுலயே உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியாதுங்க.”

மறுநாள் டயர் பஞ்சரானது. ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டே வெல்லக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம பகதூருக்கு வலது கையில சுண்டுவெரலு பாதிதானுங்க. இவரு பத்து வெரலும் முழுசா வெச்சுக் கும்புடறாரு. ஆளு வேறைங்க வாத்தியாரே.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“பந்தயத்துக்காகன்னு நெனச்சுப்போடாதீங்க. அம்மிணி அத்தன சந்தோசமா ஒருத்தரு ஊட்டுக்குள்ள நொழைஞ்சு அன்னைக்குத்தான் பாத்தனுங்க. அதக் கெடுக்கலாமுங்களா?”

இரண்டு ரகசியத்தையும் இரண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் பின் சீட்டில் உட்கார்ந்து பெருமாட்டி வந்து சேர்ந்தேன். தனத்துக்கும் தெரியும் என்று பிற்பாடு தெரிந்தது. வண்டியில் இருந்த நாலு பேருமே ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அடுத்த வருஷம் அறுவடை முடிந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது, வெல்லக்காரர் வீட்டு வாசலில் ஒரு தகரப்பெட்டி, இரண்டு கம்பளி மூட்டை. வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு அந்த உயரமான மனிதரும், அவர் மனைவியும், இரண்டு குழந்தைகளும். ஆள் மாறிப்போன பகதூர்! சரசக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். வெல்லக்காரர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளெல்லாம் எத்தனையோ பேரைக் கூப்பிட்டவர் அவர். வந்து நின்ற முதல் ஆள் இவர்தான்.

பகதூர் என்னிடம் ஏதோ சொன்னார். இந்த முறை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“வாங்கன்னு சொன்னீங்களாம். வந்துட்டாங்களாம்.”

வெல்லக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு ஏனோ அவர் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் கேலி செய்வார் என்று, பகதூரின் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.