ஒரே சொல்லில் ஜீப்பைத் திருப்பிய அக்கா

போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பை மேலே ஓட்டிப்போக நூறு பேர் இருக்கிறார்கள். பாதி வழியில் அதைக் கீழே திரும்பவைக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் போலீஸ் இல்லை, எஸ்டேட் முதலாளியும் இல்லை. சிலமலையிலிருந்து தினமும் ஏலக்காய் எடுக்க மலையேறும் திருப்பு அக்கா.

சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் ஏதோ இருக்கும். யாரும் கேட்டதில்லை. ஜீப்பில் வருகிறவர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அக்கா அவர்களை ஒரு பார்வை பார்ப்பார். "திருப்பு" என்றாரானால் டிரைவர் பாண்டி மறுபேச்சு பேசாமல் வண்டியைப் போடி ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிடுவான். "போ" என்றாரானால் நோயாளி ஒப்பாரி வைத்தாலும் வண்டி மேலேதான் போகும்.

அப்போது நான் ஓர் எஸ்டேட்டில், ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோரில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பெண்கள், நான், பாண்டி என்று பதினான்கு பேர் அந்த ஜீப்பில் போவோம். அது எத்தனை பேருக்கான வண்டி என்று கேட்காதீர்கள்.

ஒருநாள் எங்கள் தோட்டத்துச் சூப்பர்வைசர் கவாத்துக் கத்தியில் விரலைக் கீறிக்கொண்டார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து எஸ்டேட்டில் வேலை நின்றுபோனது. "எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க! ஜீப்பு எங்க?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். திருப்பு அக்கா வந்தார். விரலைக் குழாயடியில் பிடித்துக் கழுவினார். துணியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினார். ரத்தம் நின்றது. விரலை மடக்கி நீட்டச் சொன்னார். மடங்கியது, நீண்டது.

"இது சீட்டு கேசு. சாயங்காலம் எறங்கும்போது போயி டிடி ஊசி போட்டுக்கங்க."

"அக்கா, உயிரு போகுது!"

"போற உசுரு இம்புட்டுச் சத்தம் போடாதுங்க. நீங்க இப்பப் போயி அங்க படுத்துக்கிட்டா, ஓட வேண்டிய டாக்டரு உங்க வெரலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

அதென்ன சீட்டு கேசு என்று அன்றைக்கு மத்தியானம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அக்கா சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒருநா சாப்புடுறப்ப வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிருச்சு தம்பி. பேச்சுக் கொழறுச்சு. தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்னு நாந்தேன் பாயப் போட்டுப் படுக்க வச்சேன். விடிஞ்சுதேன் கொண்டு போனோம். டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. உசுரு தங்குச்சு. வலது கையும் காலும் போச்சு. ஒரு மாசம் அந்த வராந்தாவுலயே கெடந்தேன். வேற என்ன சோலி? எமர்ஜென்சி வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். டாக்டரு யாருக்கு ஓடுறாரு, யாருக்கு நடந்து வர்றாரு, யாருக்கு உக்காந்த எடத்துலயே சீட்டு எழுதிக் குடுக்குறாருன்னு பாத்தேன். ஓடுற கேசு, நடக்குற கேசு, சீட்டு கேசு. அம்புட்டுத்தேன்."

"எதுக்கு ஓடுவாரு?"

அக்கா விரல் மடக்கினார். நெஞ்சைப் பிடிக்கிறவன். மூச்சு வாங்கிப் பேச முடியாதவன். வாய் கோணிப் பேச்சுக் குழறுகிறவன். பாம்பு கடித்தவன். அழுத்தியும் ரத்தம் நிற்காதவன். கூப்பிட்டால் கண் திறக்காதவன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ரத்தம் பட்டால் அவளுக்கும். டாக்டர்களின் ஐந்தரை வருடப் படிப்பை அந்த அம்மாள் ஒரு மாதத்தில் தரையில் உட்கார்ந்தே முடித்திருந்தார்!

அக்கா சொன்னது எப்போதும் பலித்தது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை நெஞ்சைப் பிடித்த ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்திக்காக ஜீப்பைத் திருப்பினார். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு வெறும் வாயு என்று சொல்லிவிட்டார்கள். வேலை கெட்டதே என்று ஜீப்பே முணுமுணுத்தது. அக்காவோ எதிர்க்கடையில் அத்தனை பேருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். "ஒண்ணுமில்லன்னு டாக்டரு வாயால சொல்லிட்டாரு. இதவிட நல்ல சேதி என்ன வேணும்? தின்னுங்கடி!"

அந்தப் போண்டாவைத் தின்ற நான்தான் அடுத்த வருடமே அந்த ஜீப்பில் பொய் சொன்னேன்.

மலை ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே மூடுபனி. எனக்கு மேல்வயிற்றில் ஓர் எரிச்சல். நெஞ்சில் யாரோ ஏலக்காய் மூட்டையை இறக்கிவைத்தது போல ஒரு பாரம். முதல்நாள் தின்ற புரோட்டாவைத் திட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டிலிருந்த அக்கா திரும்பினார்.

"தம்பி, ஏன் பேச்சக் காணோம்?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வாயு. மேல போயி ஒரு சோடா குடிச்சாச் சரியாயிரும்."

"இந்தக் குளுருல சட்டை எதுக்கு நனஞ்சிருக்கு?"

நான் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான்.

"தாடை வலிக்குதா?"

"ஆமா. எப்படிக்கா தெரியும்?"

"பாண்டி, திருப்பு!"

"அக்கா, கொண்டை ஊசி வளைவுக்கா! லாரி வருது!"

அக்கா அதற்குள் குதித்துவிட்டார். சாப்பாட்டுத் தூக்குவாளியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். மேலேயிருந்து இறங்கிய கேரள லாரிக்காரர் தலையை நீட்டி, "சேச்சி, மாறு! மாறு!" என்று விலகச் சொல்லி அலறினார்.

"நான் மாறுறது இருக்கட்டும், நீ நில்லுய்யா!"

லாரி நின்றது. அதன் பின்னால் பஸ்சும் நின்றது. மற்ற பதினோரு பெண்களும் யாரும் சொல்லாமலே இறங்கி, நான் சாய்ந்து உட்கார இடம் விட்டு, பனிக்குள் ரோட்டோரமாய் நின்றுகொண்டார்கள். பாண்டி முன்னும் பின்னுமாய் நாலு தடவை ஒடித்து வண்டியைத் திருப்பினான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமே என்று நான் முனகினேன். "அது மேல வர்றதுக்குள்ள நாம கீழ போயிருவோம். பாண்டி, டவர் கெடைச்சதும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போனப் போடு" என்றார் அக்கா.

வழியெல்லாம் நான் கெஞ்சினேன். "அக்கா, ஒரு சோடா மட்டும்." "வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது. பேசாம வாங்க." "வீட்டுக்குத் தகவல்?" "நான் சொல்றேன்."

ஆஸ்பத்திரி வாசலில் நான் கௌரவமாக இறங்கி நடக்கப் பார்த்தேன். அக்கா தோளைப் பிடித்து அமுக்கினார்.

"எங்க எந்திரிக்கிறீக? நடந்து போனா நடக்குற கேசுன்னு நெனச்சிருவாக! ஏப்பா, தள்ளுவண்டியக் கொண்டா, வெரசா!"

வண்டி வந்தது. உள்ளேயிருந்த நர்சம்மா அக்காவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். என்னைக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன கேசுக்கா?"

"ஓடுற கேசும்மா."

அடுத்து நான் பார்த்ததை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கண்ணாடி போட்ட இளம் டாக்டர் ஒருவர் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து நிஜமாகவே ஓடி வந்தார். ஒரு செருப்பு பாதியில் கழன்று கிடந்தது. எனக்காக ஒருவர் அப்படி ஓடியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், படம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஹார்ட் அட்டாக். கொஞ்ச நேரத்தில் தேனிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது தகவல் கேட்டு ஓடிவந்திருந்த என் மனைவியிடம் டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. "மேல போயி சோடா குடிச்சிருந்தாருன்னா திரும்பி வந்திருக்க மாட்டாரும்மா."

அக்கா ஆம்புலன்ஸில் வரவில்லை. வளைவில் நிற்கும் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டுமாம்.

பிறகு நான் மலை வேலையை விட்டுவிட்டேன். சிலமலையிலேயே வீட்டில் இருக்கிறேன். மெதுவாக நடக்கிறேன், புரோட்டாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். தினமும் காலையில் ஜீப் எங்கள் தெரு வழியாகப் போகும்போது என் வாசலில் ஒரு நிமிடம் நிற்கும். அக்கா தலையை நீட்டி, "ராத்திரி என்ன சாப்புட்டீக தம்பி?" என்பார். இரண்டு இட்லி என்பேன். அதற்கு மேலும் ஏதாவது பேசவைத்து, என் முகத்தை உற்றுப் பார்ப்பார். பிறகு பாண்டியிடம் "போ" என்பார். வண்டி கிளம்பும்.

இட்லியை ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். நான் சட்னியையும் சேர்த்தே சொல்வேன், அந்த ஜீப் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று.