பேச்சுத்துணைக்கு இரண்டு பாக்கெட்

லிஃப்ட் மெக்கானிக் மகளின் பள்ளிப் பையைக் கவிழ்த்து உதறினார். பென்சில் சீவலும் கொஞ்சம் துகளும் உதிர்ந்தன. காலையில் வைத்தனுப்பிய இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைக் காணோம்.

"யாருக்கும்மா குடுத்த?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான்பா."

மகள் இந்த வருஷம்தான் ஆறாம் வகுப்பு. பழைய பள்ளியில் மொத்தமே நாலு அறை. இங்கே மாடிப்படியே நாலு இடத்தில். மணி அடித்தால் அணை திறந்த மாதிரி பிள்ளைகள். அந்த வெள்ளத்தில், வாய் திறக்காத தன் பெண் எங்கே ஒதுங்கி நிற்கிறாளோ என்பதே அவர் கவலை. பிஸ்கட்டைப் பங்கு போட்டால் சிநேகம் பிறக்கும் என்பது அவர் கண்ட வழி. பிஸ்கட் தினமும் போயிற்று. ஒரு சிநேகிதியின் பேர்கூட வீடு வந்து சேரவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்," என்றாள் மனைவி. "அப்பவும் இப்படியே ஊமைக்கோட்டானா இருந்தா, எங்கக்கா வீட்டுல விட்டு அங்க சின்னப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன். அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே எத்தனை நாள் பேசறது?"

மகளை விட்டுப் பிரிவதா? மறுநாள் மூன்று பாக்கெட் வைத்தார்.

மூன்றும் காலி. கூடவே வகுப்பு டீச்சரிடமிருந்து போன்.

"சார், உங்க பொண்ணு இடைவேளையில கூட்டம் கூட்டறா. ஒவ்வொருத்தர் காதுலயும் என்னமோ சொல்லி, கையில பிஸ்கட் வைக்கிறா. என்ன சமாசாரம்?"

"தெரியலீங்க டீச்சர்," என்றார். நிஜமாகவே தெரியவில்லை. கெஞ்சிக் கூத்தாடியா சிநேகம் பிடிக்கிறாள்? அதைச் சொல்லிக் கொடுத்ததே தான்தானோ?

"காதுல என்னம்மா சொன்ன?"

"ரகசியம்பா."

மறுநாள் வேலையில், லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டார். வேண்டுதலிலும் அவர் சிக்கனம். "பேச்சுத்துணை ஒண்ணு குடு சாமி." யாருக்கு என்று சொல்லவில்லை. சாமிக்குத் தெரியாதா என்ன!

மகளை அழைக்கப் போகும்போதெல்லாம், மற்ற பெற்றோர் கூடிக் கதையடிக்க, இவர் மின்கம்பத்துக்குத் துணையாக நிற்பார். இன்று எப்படியாவது வாயைத் திறந்து, 'உங்க பிள்ளையை என் பொண்ணோட பழகச் சொல்லுங்க' என்று கேட்டுவிடுவது. ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் ஒரு வழுக்கைத் தலைக்காரர் நேரே இவரிடம் வந்தார்.

"சார், இந்த லிஃப்ட் ஏன் சில சமயம் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுக்குது?"

இது தெரியாத ஒரு மனிதரா! மெக்கானிக் விளக்கினார். கையை ஆட்டி, குனிந்து நிமிர்ந்து விளக்கினார். கேட்க வந்தது மட்டும் மறந்தே போயிற்று.

மறுநாள் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். "கயிறு அறுந்தா என்னங்க ஆகும்?"

"அறுந்தாலும் விழாதும்மா. பிரேக் பிடிச்சுக்கும்!"

அதற்கடுத்த நாள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். மகள் பையை மாட்டிக்கொண்டு சற்றுத் தள்ளிப் பொறுமையாக நின்றாள்.

"போனது பொண்ணு விஷயமா, பேசிட்டு வந்தது பிரேக் விஷயமா," என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல இத்தனை பேருக்கு திடீர்னு லிஃப்ட் மேல என்ன இவ்வளவு அக்கறை?"

"அதை விடுங்க. உங்களுக்கு இவ்வளவு பேச வருமா?" என்றாள் மனைவி.

கடைசி முயற்சியாக, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பிள்ளைகளோடு வீட்டுக்குக் கூப்பிட்டார். வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். உள்ளறையில் பிள்ளைகளின் கும்மாளம். அதில் ஓங்கிக் கேட்டது அவர் மகளின் குரல்தான். இது எப்போது நடந்தது? பிஸ்கட்டாலா, பிரேக்காலா, சாமியாலா? ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"அக்காவுக்கு போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று மனைவி காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது உள்ளறைக் கதவு இடுக்கில், வழுக்கைத் தலைக்காரரின் பெண் முகத்தை நீட்டினாள்.

"அப்பா, லிஃப்ட் மாமாகிட்ட இன்னிக்கும் ஏதாவது கேட்டியா? பாவம், அவருக்கு ஃப்ரெண்டே இல்லையாம், லிஃப்ட் பத்திக் கேட்டாத்தான் பேசுவாராம். நீ கேக்கலேன்னா, நான் வாங்கின பிஸ்கட்டை எல்லாம் இவகிட்டத் திருப்பிக் குடுக்கணும்!"