போச்சா சிஸ்டர்

விருதுநகரில் கடந்த பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் முதல் மலத்தை நேரில் பார்த்த மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான். போச்சா சிஸ்டர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் அப்போது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட். சிஸ்டர் அங்கே வார்டுக்குப் பொறுப்பு. குழந்தை பிறந்த அறைக்குள் நுழைந்தால் எடை எவ்வளவு, யார் சாயல் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். "போச்சா?" என்பார். அவ்வளவுதான்.

பருப்பு மண்டிக்காரர் ஒருவர், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் பதினாறு உறவினர்கள் சூழ கருப்பட்டி அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் உள்ளே வந்தார்.

"போச்சா?"

"ஏம்மா, வாயில வைக்கிற நேரத்துலயா கேப்பீக?"

"நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்கய்யா. கறுப்பா, தார் கணக்கா போகும். போனதும் ஒரு சத்தம் குடுங்க."

மண்டிக்காரர் கையிலிருந்த அல்வாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மெதுவாக மடித்து வைத்தார்.

இன்னொரு நாள், டாக்டருக்கு அனுப்ப வேண்டிய, ஒரு குழந்தை நனைத்த துணியின் போட்டோவை, கீழே "நல்லபடியா போச்சு" என்று எழுதி, கைதவறித் தன் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நாலு பேர் கும்பிட்டார்கள். ஒருவர் மட்டும், "எந்தத் தெருவுக்கு ரோடு போட்டிருக்காக?" என்று கேட்டிருந்தார்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தாயில்பட்டியிலிருந்து முருகேசனும் செல்வியும் வந்தார்கள். இருவரும் ஒரே பட்டாசுக் கம்பெனி. அவனுக்குத் திரி வெட்டுகிற வேலை, அவளுக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. சுகப்பிரசவம். ஆண் குழந்தை. இரண்டாம் நாளே முருகேசன் கிளம்பத் தயாராகிவிட்டான்.

"சீசன் சிஸ்டர், லீவு கெடைக்கல. தாயும் புள்ளையும் நல்லாத்தான இருக்காக, அனுப்பி விடுங்க."

"இன்னும் போகலையே."

"வீட்டுல வச்சுப் போகட்டும் சிஸ்டர்."

"இங்கன போகாதது அங்கன மட்டும் எப்படிப் போகும்?"

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். "சில குழந்தைக்கு லேட்டாகும் சிஸ்டர்" என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். சிஸ்டர் கேஸ் ஷீட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு நாளுக்குள்ள போக வேண்டியது, முப்பத்தாறு மணி நேரம் ஆச்சு சார். வயிறு மத்தளம் மாதிரி இருக்கு, பால் எறங்க மாட்டேங்குது. நான் தர மாட்டேன்."

ஒரு மணி நேரம் அவர் கேஸ் ஷீட்டோடு ஆஸ்பத்திரி முழுக்க நடந்தார். டாக்டர் பேனாவோடு பின்னாலேயே நடந்தார். அதற்குள் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. டாக்டர் பேனாவை மூடினார். மதுரைக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்ததும் அவரேதான்.

மறுவாரம் மதுரையில் பரிசோதனை முடிவு வந்தது. சிஸ்டர் தன் வார விடுமுறையில் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மாமியார் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு பட்டாசு மருந்து நெடியில நிக்காதன்னு சொன்னேன். கேட்டாளா?"

சிஸ்டர் என் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, பிஸ்கட் அட்டையின் பின்பக்கம் ஒரு குடல் வரைந்தார். பார்ப்பதற்கு மாநகராட்சியின் சாக்கடை வரைபடம் மாதிரி இருந்தது.

"இங்க பாருங்கம்மா. குடலுக்குன்னு தனியா நரம்பு உண்டு. அதுதான் உள்ள இருக்கறதத் தள்ளி வெளிய விடுது. அந்த நரம்போட வித்து, கருவுல பின்கழுத்துப் பக்கம் உண்டாகி, குடல் வழியாவே கீழ நடந்து வரும். நாலாவது வாரத்துல கெளம்புனா ஏழாவது வாரத்துல கடைசிக்கு வந்துரும். ஒங்க பேரனுக்கு நாலு விரக்கட பாக்கி இருக்கையில நின்னு போச்சு."

முருகேசன் குனிந்து பார்த்தான். "திரியில பாதிக்கு மேல மருந்து ஏறாத மாதிரியா சிஸ்டர்? நெருப்பு அங்கனயே நின்னுரும்."

"அதேதான். அந்தத் துண்ட வெட்டிட்டு, நல்ல குடல இழுத்துத் தச்சு விட்டுருவாக."

"வெட்டுறதுதானா" என்றான் முருகேசன். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது.

மாமியார் விடவில்லை. "இருந்தாலும் இவ அந்த நெடியில நிக்காம இருந்திருந்தா..."

"வயிறு வெளிய தெரியறதுக்கு முந்தியே நடந்து முடிஞ்ச காரியம்மா இது. ஏன் நின்னுச்சுன்னு பெரிய டாக்டர்களுக்கே முழுசாத் தெரியல. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

செல்வி சுவரிலிருந்து திரும்பினாள். "நெசமாவா சிஸ்டர்? என்னால இல்லையா?"

"ஒன்னால இல்லத்தா. எந்திரிச்சுச் சாப்பிடு."

மாமியார் பிஸ்கட் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து மருமகளுக்கு இட்லி வைத்தார். இரண்டு கேட்டவளுக்கு நாலு வைத்தார்.

அதுவரை குடலைக் கழுவிவிட்டுச் சமாளித்து, மூன்றாம் மாதம் ஆபரேஷன் முடிந்தது. சில நாளில் முருகேசன் போனில் நல்ல சேதி சொன்னான். நேரம், நிறம், அளவு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் சிஸ்டர் போனை வைத்தார்.

ஒன்றரை வருடம் கழித்து செல்வி பையனைக் காட்ட வந்தாள். வராந்தாவில் அவன் ஓட, மாமியார் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவனைத் தூக்கி, வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி இறக்கிவிட்டார். விறுவிறுவென்று என் மருந்தறைக்குள் வந்தார்.

"தம்பி, கொஞ்சம் பஞ்சு குடுங்க."

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு துணுக்குப் பஞ்சு வெளியே போனாலும் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சிஸ்டர் பஞ்சை வாங்கிக்கொண்டு, அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நான் நோட்டை நகர்த்தவில்லை. இன்னும் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து அவர் பக்கத்தில் வைத்தேன்.