மாமனாரின் வாட்ச் என்ன மாடல்?

"மாடல் நம்பர் சொன்னாத்தான், டாக்டர், சக்கரம் வரவழைக்க முடியும். பின்மூடியைத் திருப்பிப் பாருங்க, போட்டிருக்கும்" என்றார் போனில் வாட்ச் ரிப்பேர்காரர்.

பல் டாக்டர் பெருமூச்சு விட்டார். மாமனாரின் பழைய கைக்கடிகாரம் தினமும் கால் மணி நேரம் பின்தங்குகிறது. "அப்பாவுக்கு அது உயிரு. சாயங்காலம் அவர் வர்றதுக்குள்ள என்ன மாடல்னாவது கண்டுபிடிச்சு வைங்க" என்று மனைவி காலையில் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்ததை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நாற்காலியில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்திருந்தார். ஊசி போட்டாயிற்று. கடைவாய்ப்பல் மரத்துப்போக வேண்டும்.

"சிஸ்டர், அந்த வாட்சை எடுங்க."

நர்ஸ் மேசையோரத்தில் கிடந்ததை எடுத்து நீட்டினாள். பின்மூடியில் ஒரே அழுக்கு. பல்லில் காரை சுரண்டும் கொக்கியால் டாக்டர் சுரண்ட ஆரம்பித்தார்.

"ஆ!" என்றார் வழுக்கையர்.

"வலிக்குதா? இன்னும் மரக்கல போல." இன்னொரு ஊசி போட்டார்.

அழுக்கு போயிற்று. கூடவே, அங்கே பொறித்திருந்த எழுத்துகளும் போயின.

"அப்ப நம்பர் உள்பக்கம்தான் இருக்கும். ஆனா நீங்க திறந்துடாதீங்க…" என்றார் போனில் ரிப்பேர்காரர்.

"திறந்தாச்சு!" என்றார் டாக்டர், பல் பிடுங்கும் குறடோடு. கடுகளவு திருகாணி ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது.

"ஆ… ஆ…!" வழுக்கையர் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"பேசக் கூடாது சார். சிஸ்டர், இன்னும் ரெண்டு பஞ்சு வைங்க."

நர்ஸ் வைத்தாள். அப்படியே, உதவுகிற ஆசையில், எச்சில் உறிஞ்சும் குழாயைத் திருகாணிப் பக்கம் கொண்டுபோனாள். 'சர்ர்ர்.' தரை சுத்தமாயிற்று.

"எடுத்துக் குடுக்கலாம்னுதான் டாக்டர்…"

டாக்டர் அவளை முறைத்துவிட்டு மூடியின் உள்பக்கத்தைப் படித்தார். "ஏழு, நாலு, ஒம்போது, ஒண்ணு."

போனில் ஒரு கூவல். "டாக்டர்! முகப்புல சின்னதா நிலா இருக்கா?"

"இருக்கே!"

"அப்ப சந்தேகமே இல்ல. மாலுமிகளுக்காகப் பண்ணின மாடல். மொத்தமே இருநூறுதான்! முப்பது வருஷமா ஒண்ணைக் கண்ணால பாத்துடணும்னு கிடக்கேன்!"

டாக்டர் துள்ளிக் குதித்தார். "எங்க மாமனார் லேசுப்பட்ட ஆளில்ல சிஸ்டர்!" நர்ஸ் கைதட்டினாள். ஆடிக்கொண்டிருந்த வழுக்கையரின் கைகள்கூட அப்படியே நின்றன. கண்கள் விரிந்தன.

திருகாணி இல்லாமல் மூடி நிற்கவில்லை. பல் அடைக்கும் சிமெண்டைக் குழைத்துப் பூசி, நீல விளக்கைக் காட்டினார் டாக்டர். பாறையாக இறுகியது. "இனிமே எவனாலும் பிடுங்க முடியாது" என்றார் பெருமையாக.

அப்புறம்தான் தொழில் ஞாபகம் வந்தது. பஞ்சையெல்லாம் உருவினார். வழுக்கையர் மரத்த வாயைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார்.

"நாப்பது வருஷமா கட்டிக்கிட்டிருக்கேன் டாக்டர், என் வாட்ச் என்ன மாடல்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது… குடுங்க!"