மஞ்சள் கிணற்றின் பங்குதாரர்

காவிரியில் தண்ணீர் வராவிட்டால் டெல்டாவே கவலைப்படும். வந்துவிட்டாலும் கவலைப்பட எங்களிடம் ஒருவர் இருந்தார். திருக்காட்டுப்பள்ளியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று நாங்கள் மிட்டாய் தின்றுகொண்டிருந்தால், "கரை உடைஞ்சா என்னாகும்?" என்பார். அதனால் அவருக்குப் பெயரே 'என்னாகும் சார்'. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அப்பேர்ப்பட்டவரைப் பங்கு வாங்க வைத்த புண்ணியவான் நான்தான். பெரிய கெமிக்கல் கம்பெனி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டே, நடுங்கிக்கொண்டே வாங்கினார். விலையும் ஏறியது. அவர் மனைவி சரோஜா அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. ஆபரேஷனுக்கு அந்தப் பங்கை விற்பது என்று முடிவாகி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாளும் குறித்தாயிற்று.

பணம் கட்ட ஒரு வாரம் இருக்கும்போது பேப்பரில் செய்தி. வடக்கே எங்கேயோ அந்தக் கம்பெனியின் கழிவு இறங்கி ஒரு கிராமத்துக் கிணறுகள் கெட்டுவிட்டனவாம். பேப்பரை மடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, தண்ணி மஞ்சளா வருதாம். அதுல நமக்கும் பங்கு இருக்குல்ல?"

"சார், உங்க பங்குக்கு அந்தக் கம்பெனில ஒரு நாற்காலிக் கால்கூடத் தேறாது."

"காலா இருந்தாப் பரவாயில்ல. கழிவு போற குழாயில நம்ம துண்டு இருந்தா என்னாகும்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிணற்றைப் பற்றிக் கேட்டு கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மறுநாள் பதிலாக ஆண்டறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் குழந்தைகள் சிரித்துக்கொண்டே மரக்கன்று நட்டார்கள். மனிதர் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"கிணத்தையே காணுமே, தம்பி."

சரோஜா அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தத் தண்ணிய நானா கெடுத்தேன்? வித்துட்டு வாங்க. இல்லேன்னா என்னையத் தூக்கிக்கிட்டுத் திரிங்க" என்றார்.

தஞ்சாவூரில் புரோக்கர் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "ஒரு நிமிஷ வேலை சார்" என்றாள். ஒரு மணி நேரம் ஆனது.

"யாரும்மா வாங்குறாங்க?"

"அது தெரியாது சார்."

"தெரியாம எப்படிம்மா? எங்க வீட்ல மாடு வித்தப்போ, இடது பக்கம் போனா உதைக்கும்னு சொல்லித்தான் கயித்தக் கொடுத்தோம். சொல்லாம வித்தா ஊர்ல மரியாதை இருக்குமா? கிணறு கெட்டுப்போச்சுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

விலை இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஏதோ தட்டினாள். சொல்வதற்கு அந்தத் திரையில் இடமே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லன்னுட்டாங்க."

பங்கு விற்றுப்போனது. அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். "பரவாயில்லன்னா சொன்னாங்க?" என்று பஸ்ஸில் ஊர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, ஆற்றங்கரையில் இருவரையும் பார்த்தேன். அக்கா கைவீசி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார், அக்கா உங்களையே முந்துறாங்க. இன்னும் என்ன கவலை?"

அவரும் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"சந்தோஷந்தான் தம்பி. அந்த ஊர்ப் பொம்பளைங்க இப்ப தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்குறாங்களோ."

அத்தனை பெரிய கம்பெனியில், பார்க்காத ஊருக்காகத் தூக்கம் கெட்ட முதலாளி இவர் ஒருத்தராவது இருந்தாரே என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.